நான் மார்க்கர் அடித்த ஆறு வரிகள்

போன புதன்கிழமை மத்தியானம் மூன்று மணி இருக்கும். வெளியே போய்விட்டு வீட்டுக்குள் நுழைகிறேன். என் மனைவி எஸ்தர் ஹால் ஜன்னல் ஓரம் நின்றுகொண்டு, ஒரு புத்தகத்தைத் திறந்து, அதன் ஒற்றைத் தாளை மட்டும் வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்திருந்தாள். ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு... டாக்டர் எக்ஸ்ரே பார்ப்பாரே, அதே மாதிரி.

"என்னா பண்றே?" என்றேன்.

"படிக்கிறேன்."

"இப்பிடியா புக்கு படிப்பாங்க?"

"நீங்க மார்க்கர் போட்டு அழிச்சு வெச்சா, வேற எப்பிடிப் படிக்கிறதாம்?"

கையும் களவுமாக மாட்டிக்கொண்டது அவளா, நானா? எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஏனென்றால் அந்தத் தாளில் ஆறு வரிகளைக் கறுப்பு மார்க்கரால் அழித்த ஆசாமி நான்தான்.

எதற்கு அழித்தேன் என்று சொல்லிவிடுகிறேன். வாராவாரம் என் அசட்டுத்தனங்களை இந்தப் பக்கத்தில் படித்துப் பழகிய உங்களுக்கு இது பெரிய ஆச்சரியமாக இருக்காது.

புதிதாக வந்திருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. ஓசூர் தொழிற்பேட்டையில் வண்டிகளுக்கு பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் இருபத்தொன்பது வருடம் குவாலிட்டி பிரிவில் இருந்து ரிட்டயர் ஆனவன் நான். வருகிற பொருளை அளந்து பார்ப்பது வேலை. சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர். ஆகாது என்றால் சிவப்பு. கொஞ்சம் சீவி, கொஞ்சம் தேய்த்தால் தேறிவிடும் என்றால் மஞ்சள். அதற்கு 'ரீவொர்க்' என்று பெயர். லைனில் இருந்த பையன்கள் எனக்கு வைத்த பெயர் 'ரெட் ஸ்டிக்கர்'. பச்சையும் நிறைய ஒட்டியிருக்கிறேன்... அதை யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்?

ரிட்டயர் ஆன பிறகும் பழக்கம் போகவில்லை. கத்தரிக்காயை நான் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைப் பார்த்து, காய்க்கார அம்மா ஒருநாள் சொல்லியேவிட்டார். "சாரு, இது காயிங்க. பிரேக்கு இல்ல."

இனி எஸ்தர்.

ஊர் காவேரிப்பட்டினம். நல்ல பாட்டுக்காரி. சபைப் பாடகர் குழுவில் முதல் வரிசை. எங்கள் வீட்டில் தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம் உண்டு. ஒரு பாட்டு, ஒரு அதிகாரம், ஆளுக்கொரு ஜெபம். கல்யாணமான நாளிலிருந்து முப்பத்தொரு வருடமாக இதுதான் வழக்கம். பாட்டை எடுப்பது எப்போதும் அவள்தான். நான் எடுத்தால் தெரு நாய் ஊளையிடும் என்பது அவள் கட்சி.

அவளுக்கு ஒரே தம்பி, டேனியல். மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் வேலை. பதினைந்து மாதத்துக்கு முன்னால், குந்தாரப்பள்ளி பக்கம் ஹைவேயில் பைக் விபத்து. பெங்களூரில் ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் கிடந்தான். சபையே திரண்டு ஜெபித்தது. இருபத்து நாலு மணி நேரமும் விடாமல் சங்கிலி ஜெபம்... ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று ஷிப்டு போட்டு ஜெபித்தோம். இந்த ஊரில் எதற்குத்தான் ஷிப்டு இல்லை?

பத்தாவது நாள், எங்கிருந்தோ வந்த ஒருவர் எஸ்தரின் தலையில் கை வைத்து, "தம்பி எழுந்து நடப்பான்மா, ஆண்டவர் எனக்குக் காட்டிட்டார்" என்று சொல்லிவிட்டுப் போனார். எஸ்தர் அன்றைக்கே கடைக்குப் போய் டேனியலுக்கு ஒரு ஜோடிப் புதுச் செருப்பு வாங்கிவந்தாள். நடப்பானே, அதற்கு.

அவன் நடக்கவில்லை.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் ஆறுதல் சொல்ல வந்த ஓர் அம்மா, "விசுவாசத்துல எங்கியோ ஒரு குறை இருந்திருக்கும் சிஸ்டர்" என்றார். எஸ்தர் காபி போட்டுக் கொடுத்து அனுப்பினாள். அன்று ஏழு மணிக்கு நான் பைபிளை எடுத்து உட்கார்ந்தபோது, அவள் எழுந்து சமையலறைக்குப் போய்க் குக்கரை அடுப்பில் வைத்தாள்.

அப்புறம் பதினான்கு மாதம்! ஏழு மணி ஆனால் எங்கள் வீட்டில் குக்கர் விசில்தான் பாட்டு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு நான் மட்டும் போவேன். "தலைவலி"யில் ஆரம்பித்து, பிறகு காரணம் சொல்வதையும் விட்டுவிட்டாள். மற்றபடி எல்லாம் பழையபடிதான். என்னோடு சாப்பிடுவாள். சிரிப்பாள். சானமாவு காட்டிலிருந்து யானை இறங்கிவிட்டதாம் என்று வாட்ஸ்அப்பைப் படித்துக் காட்டுவாள். கடவுள் பேச்சு மட்டும் கிடையாது.

எனக்குப் பயமாக இருந்தது. இவள் இனிமேல் ஜெபிக்கவே மாட்டாளோ? ஒரே வீட்டில் இருந்துகொண்டு, நான் மட்டும் தனியாக முழங்கால் போட்டே மிச்ச காலம் போய்விடுமோ? இதை யாரிடம் சொல்வது?

இந்த நேரத்தில்தான் அட்டைப் பெட்டிகள் வந்தன.

எங்கள் சபையில் ஒரு குடும்பம் வெளிநாட்டுக்குக் குடிபெயர்ந்தது. போகும்போது நாலு பெட்டி புத்தகங்களையும், படங்கள் நிறைந்த ஒரு பென் டிரைவையும் சபை நூலகத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். எல்லாம் இந்தக் காலத்துக் கிறிஸ்தவ எழுத்து. நாவல்கள், கட்டுரைகள், டைரி மாதிரியான புத்தகங்கள். படங்கள் தமிழ், மலையாளம், கன்னடம் என்று மூன்று மொழியிலும்.

பாஸ்டர் என்னைவிட இருபது வயது சின்னவர். "அண்ணே, நீங்க குவாலிட்டியில இருந்தவரு. சபைக்கு எது ஆகும், எது ஆகாதுன்னு பார்த்துப் பிரிச்சுக் குடுத்துடுங்க" என்றார்.

சும்மா கிடந்த சங்கை ஊதச் சொன்ன மாதிரி ஆகிவிட்டது. அன்றே ஒரு செக் ஷீட் தயார் செய்தேன். பன்னிரண்டு பாயிண்ட்! அத்தியாயத்துக்கு ஒரு பைபிள் வசனமாவது இருக்கிறதா? குடிகாரன் கடைசிக்குள் திருந்துகிறானா? நோயாளி எழுந்து உட்காருகிறாரா? பாஸ்டர் மாதிரி ஊழியக்காரரைக் கிண்டல் செய்யும் இடம் உண்டா? எல்லாவற்றுக்கும் மேலே பன்னிரண்டாவது பாயிண்ட்: கதையில் கடவுளைப் பார்த்துக் கேட்ட கேள்விக்கெல்லாம் கடைசிப் பக்கத்துக்குள் பதில் வந்துவிட்டதா?

சிரிக்காதீர்கள். நான் மும்முரமாகச் செய்தேன். பச்சை ஒட்டியது சர்ச் அலமாரிக்கு. சிவப்பு ஒட்டியது ஒரு பெட்டியில் போட்டு எங்கள் வீட்டுப் பரணுக்கு. மஞ்சள்? அதுதான் ரீவொர்க்... கறுப்பு மார்க்கரை எடுத்து, ஆகாத வரிகளை மட்டும் அழித்துவிட்டு, மேஜைமேல் அடுக்கிவைத்தேன், பாஸ்டரிடம் காட்டிவிட்டு அலமாரிக்கு அனுப்பலாம் என்று.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நல்ல பச்சைப் புத்தகமாகப் பார்த்து எஸ்தர் கையில் கொடுத்தால் மனசு மாறும் என்று. அவள் கண்ணில் படும்படி ஒவ்வொன்றாக வைத்தேன். தலையணைப் பக்கம் ஒன்று. மிக்ஸி பக்கம் ஒன்று. எல்லாவற்றிலும் அழுதவர்கள் சிரித்தார்கள், படுத்தவர்கள் எழுந்தார்கள். ஒரு பக்கம்கூட அவள் புரட்டவில்லை. அதில் ஒன்று இரண்டு வாரம் தயிர்ப் பாத்திரத்துக்கு மூடியாக இருந்தது. கெட்டி அட்டை, சரியான அளவு.

எழுந்து நடக்காத தம்பியைப் புதைத்துவிட்டு வந்தவளிடம், எழுந்து நடந்தவர்களின் கதையாகப் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்திருக்கிறேன். காய்ச்சலில் கிடக்கிறவருக்கு பிரியாணி பரிமாறின கதைதான். இது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள்!

சரி, புதன்கிழமைக்கு வருவோம்.

"இது மஞ்சள் புக்காச்சே... இன்னும் பாஸ்டர்கூட பார்க்கலையே" என்றேன். அந்த நேரத்திலும் எனக்கு அப்ரூவல்தான் முக்கியம்.

"சிவப்பு எல்லாம் முடிஞ்சிபோச்சு. அதான் மஞ்சளுக்கு வந்தேன்."

"சிவப்பா? அது பரண்லதானே இருக்குது?"

"எறக்கிட்டேன். மூணு மாசம் ஆச்சு. லட்சுமம்மா ஸ்டூலைப் புடிச்சிக்கிட்டாங்க."

லட்சுமம்மா எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். வீட்டில் தெலுங்கு, கடைவீதியில் கன்னடம், எங்களிடம் தமிழ். ராகி போட்ட நிலத்தில் இப்போது ரோஜாவுக்கு பசுமைக்குடில் போட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர். அவர் எதற்கு இதில்?

எஸ்தர் சொன்ன பிறகுதான் விளங்கியது. நான் மளிகைக்கும் பென்ஷன் ஆபீசுக்கும் அலைகிற மத்தியான வேளைகளில், இருவரும் எங்கள் வீட்டு டிவியில் பென் டிரைவைச் செருகிப் படம் பார்த்திருக்கிறார்கள். அதுவும் எப்படி? பென் டிரைவில் 'ரிஜெக்ட்' என்று நான் ஃபோல்டர் போட்டு ஒதுக்கியிருந்தேனே, நேராக அதற்குள் போயிருக்கிறார்கள்.

"அந்தக் கன்னடப் படம் எனக்குப் பாதி புரியல. லட்சுமம்மாதான் ஒவ்வொரு வசனமா தமிழ்ல சொல்லிச் சொல்லி அழுதாங்க" என்றாள் எஸ்தர்.

எந்தப் படம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு மலைக் கிராமத்துக் கோயில் குட்டியார், அதாவது சர்ச்சில் மணி அடிப்பவர். மகள் நோயில் இறந்துவிடுகிறாள். அவர் மணி அடிப்பதை நிறுத்திவிடுகிறார். ஊர்க்காரர்கள் அவரைத் திட்டவில்லை, திருத்தவில்லை. ஆளுக்கொரு நாள் என்று அவருக்குப் பதிலாக மணி அடிக்கிறார்கள். கடைசியில் அவர் வருகிறார். அப்போதும் கயிற்றைத் தொடவில்லை. யாரோ அடிக்க, கீழே நின்று கேட்கிறார். படம் முடிந்தது. நான் செக் ஷீட்டில் எழுதியது: 'அற்புதம் — இல்லை. முடிவு — இல்லை. ரிஜெக்ட்.'

நாங்கள் பேசுவது காதில் விழுந்து லட்சுமம்மாவே காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். "சார், அந்தப் படத்துல கடைசில ஒண்ணுமே ஆகலதான். ஆனா எங்க மாமியார் செத்தப்புறம் எனக்கு மனசு லேசானது அன்னிக்குத்தான். அதை ஏன் சார் வேணாம்னு வெச்சீங்க?"

பன்னிரண்டாவது பாயிண்டில் தேறவில்லை என்றா அவரிடம் சொல்வது?

லட்சுமம்மா போன பிறகு, எஸ்தர் அந்தப் பக்கத்தைப் பிரித்தபடியே புத்தகத்தை என் கையில் கொடுத்தாள். "நீங்களும் ஒருக்கா படிங்க. வெயில்ல புடிச்சா எழுத்து தெரியுது."

பிடித்தேன். மார்க்கருக்கு அடியில் அச்செழுத்து நிழலாகத் தெரிந்தது. ஒரு நர்ஸ். கணவனை அடக்கம் செய்துவிட்டு வீடு திரும்புகிறாள். விளக்கைப் போடாமல் உட்கார்ந்து கடவுளிடம் சொல்கிறாள்: இன்றைக்கு உம்மோடு பேச எனக்கு இஷ்டமில்லை, ஆனால் நீர் எழுந்து போய்விடாதேயும். அவ்வளவுதான் அந்த ஆறு வரியின் சாரம். நான் அதை அழித்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 'கடவுளை அவமதிக்கும் பேச்சு' என்று பக்கத்தில் குறிப்பு வேறு எழுதினேன்.

"மூணு மாசமா இந்த மாதிரி புக்குதான் படிச்சிக்கிட்டிருந்தியா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றேன்.

எஸ்தர் என்னைப் பார்த்தாள். "உங்ககிட்டயா? நீங்க எனக்கும் சிவப்பு ஒட்டிடுவீங்களோன்னு இருந்துச்சு."

அடி என்றால் அதுதான் அடி. இவள் எங்கே போய்விட்டாளோ என்று நான் பயந்துகொண்டிருந்த பதினான்கு மாதமும், இவள் என்னைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்திருக்கிறாள்.

அன்று சாயங்காலமும் மறுநாள் முழுக்கவும் நான் வேறு வேலை பார்க்கவில்லை. சிவப்புப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். முதல் தடவை படித்தது அளக்க. இந்தத் தடவை சும்மா படித்தேன். எவ்வளவு நல்ல எழுத்து! ஒருவர் தன் அம்மாவுக்கு மறதி நோய் வந்து, ஜெபம்கூட மறந்துபோனதைப் பற்றி எழுதியிருக்கிறார். கடவுளையும் அம்மா மறந்துவிட்டாள், கடவுள் அம்மாவை மறக்காமல் இருந்தால் சரி என்கிறார். இன்னொருவர், கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டும் வேலைக்காரர் ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறார். முழுப் புத்தகத்திலும் இரண்டே இரண்டு வசனம். நான் படித்துவிட்டு மூக்கைச் சிந்தினேன்.

நாம் சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் படித்த கதைகளில் எல்லாம் கடைசிப் பக்கத்தில் கட்டாயம் வெயில் அடிக்கும், இல்லையா? அது தப்பென்று சொல்லவில்லை. எனக்கு அந்தக் கதைகள் உதவியிருக்கின்றன. இப்போது எழுதுகிற சிலர், வெயில் வரும்வரை நம்மோடு இருட்டில் உட்கார்ந்திருக்கச் சம்மதிக்கிறார்கள். எஸ்தருக்குத் தேவைப்பட்டது அப்படி உட்கார ஒரு ஆள். நான் உட்காரவில்லை. யாரோ முகம் தெரியாத எழுத்தாளர்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

நான் ஏன் உட்காரவில்லை? உண்மையைச் சொல்லிவிடுகிறேன். டேனியலுக்காக நானும்தான் பத்தொன்பது நாள் ஜெபித்தேன். காலை நாலு மணி ஷிப்டு எனக்கு. எஸ்தரிடம் இருந்த அதே கேள்வி என்னிடமும் இருந்தது. அதை எங்கே பார்த்தாலும் பயந்துபோய் ஸ்டிக்கர் ஒட்டினேன், மார்க்கர் அடித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பாஸ்டரிடம் போனேன். செக் ஷீட், மார்க்கர், பரண், ஜன்னல் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்றுதான் போனேன். அவர் சிரித்த சிரிப்பில் சர்ச் புறாக்கள் பறந்துவிட்டன. அப்புறம், "அந்த சிவப்பு லிஸ்ட்டு வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். கொடுத்தேன். மேலிருந்து கீழ் வரை விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "இந்த ரெண்டும் எனக்கு வேணும்ணே. சபைக்கு இல்ல... எனக்கு" என்றார்.

டேனியலின் அடக்க ஆராதனையை நடத்தியவர் அவர்தான். கையோடு கொண்டுபோயிருந்த சிவப்புப் புத்தகப் பையிலிருந்து இரண்டையும் எடுத்துக் கொடுத்தேன். பைக் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் ஏழு மணி. வழக்கம்போல பைபிளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சமையலறையில் சத்தம் இல்லை. கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் நிமிர்ந்து பார்த்தேன். எஸ்தர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். பாட்டு எடுக்கவில்லை. எடு என்று நானும் சொல்லவில்லை. ஓர் அதிகாரம் வாசித்தேன். ஜெபிக்க வாயைத் திறந்தேன்.

"இருங்க. நான் ஒண்ணு சொல்லிக்கிறேன்" என்றாள்.

கண்ணை மூடவில்லை. சீலிங் ஃபேனைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"ஆண்டவரே, டேனியலு விசயத்துல உம்ம மேல எனக்குக் கோவம் இன்னும் தீரல. அந்தச் செருப்பை எதுக்கு என்னை வாங்க வுட்டீர்? அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? கேக்கறதுக்கு நெறைய இருக்குது. மிச்சத்தை நாளைக்குக் கேக்கறேன். ஆமென்."

நானும் ஆமென் என்றேன். அதற்குமேல் என் ஜெபம் ஒன்றும் நடக்கவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அப்பாடா... அப்பாடா என்று மட்டும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. நாளைக்கு என்று சொல்லிவிட்டாளே!

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு வந்தாளா என்று கேட்காதீர்கள். வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. ஆனால் சனிக்கிழமை ஏழு மணிக்கு வந்து உட்கார்ந்தாள். ஞாயிறும் உட்கார்ந்தாள். திங்கட்கிழமை கொஞ்சம் குரல் உயர்ந்தே போய்விட்டது. "எனக்கு பதில் வேணும்" என்று நாற்காலிக் கையில் அடித்துப் பேசிக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து லட்சுமம்மாவின் குரல் வந்தது.

"என்ன எஸ்தரக்கா, சார்கூட சண்டையா?"

"இவருகூட இல்ல லட்சுமம்மா" என்று எஸ்தர் இங்கிருந்தே பதில் சொன்னாள்.

பதினான்கு மாதமாக எனக்கு இல்லாத நிம்மதி அந்த நிமிடம் வந்தது. எதிரே ஆள் இல்லாமல் யாராவது சண்டை போடுவார்களா?